நரம்பில் ஓடுவது கரண்ட் அல்ல

நரம்பு என்றதும் நம் மனத்தில் வரும் படம் மின்கம்பிதான். மூளை ஒரு பவர் ஹவுஸ், நரம்புகள் அதிலிருந்து கிளம்பும் ஒயர்கள், கையைத் தூக்க நினைத்தால் ‘கரண்ட்’ பாய்கிறது. பள்ளிப் பாடத்தில் தொடங்கி டிவி பேட்டி வரைக்கும் இதே படம். எளிதில் சொல்லிவிடலாம் என்பதால் யாரும் அதை விடுவதில்லை. ஆனால் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு நரம்பைப் பற்றி உருப்படியாக ஒன்றையும் புரிந்துகொள்ள முடியாது. பல் டாக்டர் போடும் ஊசி எப்படி மரத்துப்போக வைக்கிறது, பூச்சிமருந்து ஏன் மூச்சை நிறுத்துகிறது, கட்டுவிரியன் கடித்தவர் ஏன் இமையைத் தூக்க முடியாமல் கிடக்கிறார் - எதற்கும் அதில் விடை இல்லை.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். செம்புக் கம்பியில் ஒரு மின்சமிக்ஞை ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாகப் போகும். நம் உடம்பின் மிக வேகமான நரம்பில் செய்தி போகும் வேகம் நொடிக்குச் சுமார் 120 மீட்டர். மெதுவான நரம்புகளில் அது நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம் நடக்கும் வேகம். இதை அளந்து பார்க்கக் கருவி வேண்டாம். இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். இடித்தது உடனே தெரிந்துவிடும்; சுரீரென்று ஒன்று வரும். நிஜமான வலி இன்னும் வந்திருக்காது. ‘ஐயோ, இப்போது வலிக்கப் போகிறதே’ என்று பல்லைக் கடிக்கக்கூட அவகாசம் கிடைக்கும். பிறகுதான் அந்த எரிச்சலும் குடைச்சலும் பெருகிவந்து சேரும். தொடுகையைச் சுமக்கும் நரம்பிழைகள் நொடிக்குப் பல பத்து மீட்டர் ஓடுபவை. அந்தக் குடைச்சல் வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளோ நடந்துதான் வருகின்றன. காலிலிருந்து முதுகுத்தண்டு வரை ஒரு மீட்டர் தூரம் என்றால் ஒரு நொடி தாமதம். கணக்கு சரியாக வந்துவிடுகிறது.

இந்த வேகத்தை முதலில் அளந்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அன்று பிரஷ்யாவின் நகரமாக இருந்து இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் ஆகிவிட்ட கோனிக்ஸ்பெர்க்கில், 1850 வாக்கில். அவருடைய ஆசிரியர் ஜோகன்னஸ் முல்லர் அந்தக் காலத்து உடலியலின் மாபெரும் ஆள். நரம்பின் வேகத்தை மனிதர்கள் ஒருநாளும் அளக்க முடியாது என்பது அவருடைய கருத்து. மாணவர் ஒரு தவளையின் கால் தசையை நரம்போடு எடுத்துவைத்துக்கொண்டு, தசைக்கு அருகே நரம்பை ஒருமுறையும், சற்றுத் தள்ளி இன்னொரு முறையும் தூண்டினார். தள்ளித் தூண்டியபோது தசை துடிக்க நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதம். தூரத்தைத் தாமதத்தால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 27 மீட்டர். அந்தக் காலத்து ரயிலே எட்டிப்பிடிக்கக்கூடிய வேகம்! உயிரின் ஆற்றல் மின்னலாய்ப் பாய்வதாக நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

அப்படியானால் ஓடுவது என்ன?

நரம்பணுவைச் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றுவதற்கென்றே சவ்வில் ஒரு பம்பு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் இதைக் கண்டுபிடித்தார், நண்டுக்கால் நரம்புகளை ஆராய்ந்து. இந்த ஏற்பாட்டால் சவ்வின் உட்பக்கம், வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. டார்ச் செல்லில் இருபதில் ஒரு பங்கு; கேட்க அற்பமாக இருக்கும். சவ்வின் தடிமன் ஏழெட்டு நானோமீட்டர்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அவ்வளவு குறுகிய இடைவெளியில் 70 மில்லிவோல்ட் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் என்ற கணக்காகிறது. காற்றில் மின்பொறி பறப்பதற்கே சென்டிமீட்டருக்கு 30 ஆயிரம் வோல்ட் போதும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நம் ஒவ்வொரு நரம்பணுவும் இப்படி விறைத்துக்கொண்டு, தட்டினால் வெடிக்கத் தயாராக நிற்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போது உடம்பின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்பது ஏன் என்று கேட்டால், பெரும்பகுதி இந்த விறைப்பைக் காப்பாற்றத்தான்.

சவ்வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உதவியது ஒரு கணவாய். நம் கடற்கரையில் ஊசிக்கணவாய் என்கிறோமே, அந்த வகை. ஆபத்து வந்தால் உடம்பைச் சட்டென்று சுருக்கி நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்ந்துவிடும். அந்த அவசரத்துக்காக அதற்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள நரம்பிழைகள் உண்டு. நம்முடைய மிகப் பருத்த இழையே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கணவாயில் வெறும் கண்ணுக்கே தெரியும் இந்த இழை நரம்புதான் என்று ஜே.இசட். யங் 1936இல் எடுத்துச் சொன்னார். அதுவரை ரத்தக் குழாய் என்றே பலரும் நினைத்துவந்தார்கள்.

1939 கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் இரண்டு இளைஞர்கள் அந்த இழைக்குள் நீளவாக்கில் ஒரு மின்முனையைச் செருகினார்கள். ஆலன் ஹாட்ஜ்கினுக்கு வயது 25, ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 21. நரம்பு துடிக்கும்போது உள்ளேயிருக்கும் எதிர்மின்னழுத்தம் கரைந்து சுழியத்துக்கு வரும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. திரையில் கோடு சுழியத்தோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி மேலேறி, உட்பக்கமே நேர்மின்னழுத்தத்துக்கு மாறி, மறுபடி கீழே விழுந்தது. ஏன் என்று யோசிக்க நேரம் இல்லை. சில வாரங்களில் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தார். ஒரு சிறு குறிப்பை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பிவிட்டு இருவரும் போர்ப்பணிக்குப் போனார்கள்.

போர் முடிந்து திரும்பி வந்து, 1952இல் முழுக் கதையையும் கணக்காகவே எழுதினார்கள். சவ்வில் சோடியத்துக்கு ஒரு வாயில், பொட்டாசியத்துக்கு ஒரு வாயில். இரண்டும் மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறப்பவை. ஓரிடத்தில் மின்னழுத்தம் சற்று ஏறினால் சோடிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே கொட்டுகிறது. அதனால் மின்னழுத்தம் இன்னும் ஏறி, இன்னும் பல வாயில்கள் திறக்கின்றன. ஒரு மில்லிநொடிக்குள் அவை தாமே அடைத்துக்கொள்ள, தாமதமாகத் திறக்கும் பொட்டாசிய வாயில்கள் பழைய நிலையை மீட்கின்றன. இந்தச் சமன்பாடுகளிலிருந்து துடிப்பின் வேகத்தைக் கணக்கிட வேண்டும். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியோ அந்தச் சமயம் மாற்றியமைப்பு வேலைகளுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கைப்பிடி சுழற்றும் பிரன்ஸ்விகா கணக்கீட்டு எந்திரத்தில் வாரக்கணக்கில் சுழற்றினார். கிடைத்த விடை நொடிக்கு 18.8 மீட்டர். கணவாய் இழையில் நேரில் அளந்தது 21.2 மீட்டர். உயிரியலில் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்திய முன்கணிப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1963இல் நோபல் பரிசு வந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கைப்பிடிக்கே தனியாக ஒன்று கொடுத்திருக்கலாம்.

ஆக, நரம்பின் நீளவாக்கில் எந்த அயனியும் ஓடிப்போய்ச் சேருவதில்லை. சோடியம் சவ்வுக்குக் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே, ஓர் இம்மி நகர்கிறது. அந்த நகர்வு பக்கத்து வாயில்களைத் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. வெடியின் திரியில் நெருப்பு நகர்வதை நினைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நீளமானாலும் முனையில் அதே நெருப்புதான், வழியில் மங்காது. எரிந்து முடிந்த பக்கம் திரும்பிப் போகவும் போகாது. ஒரே வித்தியாசம், நரம்புத் திரி சில மில்லிநொடிகளில் மறுபடி புதுத் திரியாகிவிடும்.

இழைக்குள் இருக்கும் சாற்றுக்கு இதில் வேலையே இல்லை என்று காட்டிய சோதனை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. 1961இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் கணவாய் இழையை ஒரு ரப்பர் உருளையால் நீவி, உள்ளிருந்த கூழையெல்லாம் பிதுக்கி எடுத்துவிட்டு, வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினார்கள். உள்ளே ஒன்றுமில்லாத அந்த இழை மணிக்கணக்கில் துடித்தது.

எல்லா நரம்புத் துடிப்பும் ஒரே மாதிரிதான். பலமாக அழுத்தினால் துடிப்பு பெரிதாகாது, அடிக்கடி வரும். கண்ணிலிருந்து வருவதற்கும் காதிலிருந்து வருவதற்கும் உருவில் பேதமில்லை. எங்கே போய்ச் சேருகிறது என்பதை வைத்தே மூளை அதை ஒளி என்றும் ஒலி என்றும் எடுத்துக்கொள்கிறது. இருட்டில் மூடிய கண்ணை மெல்ல அழுத்தினால் ஒளி வளையங்கள் தெரிவது இதனால்தான். வேகத்தில் கோட்டைவிட்ட முல்லர் இந்த விஷயத்தைச் சரியாகவே சொல்லிவைத்திருந்தார்.

வேகம் வேண்டுமானால் கணவாய்போல இழையைப் பருக்க வைக்கலாம். ஆனால் நம் ஒரு கண்ணிலிருந்து மட்டும் சுமார் பத்து லட்சம் இழைகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் கணவாய் இழையளவு என்றால் நரம்புக்கு முகத்தில் இடம் போதாது. முதுகெலும்புள்ள உயிர்கள் வேறு வழி கண்டன. இழையைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்பு உறை. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒருமுறை சிறு இடைவெளி. துடிப்பு அந்த இடைவெளிகளில் மட்டும் புதுப்பிக்கப்படுகிறது. கணவாயின் இழையில் ஐம்பதில் ஒரு பங்கு பருமனில் ஐந்து மடங்கு வேகம் கிடைத்துவிடுகிறது. உறையைச் சுற்றும் ஷ்வான் அணுக்களில்தான் தொழுநோய்க் கிருமி குடியேறுகிறது. கை கால்களில் உணர்வு போகிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடுபட்டும் அடிபட்டும் தேய்ந்து போகின்றன என்பதை வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய பால் பிராண்ட் உலகுக்குச் சொன்னார். வலி ஒரு பாதுகாப்பு என்பதை அவர் அளவுக்கு அழுத்திச் சொன்ன மருத்துவர் இல்லை.

இப்போது பல் டாக்டரிடம் வருவோம். ஊசியில் இருப்பது லிக்னோகெய்ன். இது வலியைக் குறைக்கும் மருந்து என்று சொல்வதைவிட சோடிய வாயில் அடைப்பான் என்பதே சரி. சவ்வைத் தாண்டி இழைக்குள் புகுந்து, உட்பக்கமிருந்து வாயிலை அடைக்கிறது. திரி அந்த இடத்தோடு நின்றுவிடும். வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் முதலில் அடங்கும், பருத்தவை தாக்குப்பிடிக்கும். பல்லைப் பிடுங்கும்போது இழுப்பதும் அசைப்பதும் நன்றாகத் தெரிந்து வலி மட்டும் தெரியாமல் இருப்பது இதனால்தான். ஈறில் சீழ் கட்டியிருந்தால், ‘முதலில் மாத்திரை சாப்பிட்டு வாருங்கள், அப்புறம் பிடுங்கலாம்’ என்று திருப்பி அனுப்புவார்கள். தொழிலை இழுத்தடிக்கிறார்கள் என்று முணுமுணுக்க வேண்டாம். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் அதிகம். அமிலத்தில் லிக்னோகெய்ன் மின்னேற்றம் பெற்றுவிடும். மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு கொழுப்புச் சவ்வைத் தாண்டாது. எத்தனை ஊசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது.

இதே வாயிலை வெளிப்பக்கமிருந்து அடைப்பது பேத்தை மீனின் நஞ்சு. வலையில் விழுந்தால் நம் மீனவர்கள் தூக்கி எறிவார்களே, வயிற்றை உப்பவைக்கும் அந்த மீன்தான். அதன் நஞ்சு சோடிய வாயிலை மட்டும் தேர்ந்து அடைக்கிறது என்று 1964இல் நராஹஷி குழுவினர் காட்டிய பிறகு, ஆய்வகங்களில் அது விலைமதிப்புள்ள கருவியாகிவிட்டது.

துடிப்பு இழையின் முனைக்கு வந்ததும் அடுத்த சிக்கல். அங்கே நரம்பு முடிந்துவிடுகிறது. அடுத்த அணுவுக்கு முன்னால் ஒரு இடைவெளி. இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதே பெரிய சண்டை: 1906 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கோல்கியும் கஹாலும் ஒரே மேடையில் எதிரெதிராகப் பேசினார்கள். கோல்கிக்கு மூளை முழுதும் ஒரே வலை. கஹாலுக்குத் தனித்தனி அணுக்கள். கஹால் சொன்னதுதான் சரி. அப்படியானால் செய்தி எப்படித் தாண்டுகிறது? ஆஸ்திரியாவின் ஒட்டோ லோவி 1921இல் வெளியிட்ட சோதனை எளிமையின் உச்சம். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அந்த இதயத்தில் இருந்த உப்பு நீரை எடுத்து, நரம்பே இல்லாத மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சிந்துகிறது என்பது தெளிவாயிற்று. அது அசிட்டைல்கோலின். சோதனைக்கான யோசனை கனவில் வந்ததாகவும், தூக்கக் கலக்கத்தில் எழுதிவைத்ததைக் காலையில் படிக்க முடியாமல் போய், மறுநாள் இரவும் அதே கனவு வந்ததும் நேராக ஆய்வகத்துக்கு ஓடியதாகவும் லோவி பிற்பாடு சொன்னார். 1936இல் பெற்ற நோபல் பரிசுப் பணத்தை இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நாட்டைவிட்டு விரட்டினார்கள்.

நரம்பு தசையைத் தொடும் இடத்தைப் பார்த்தால் இந்த வேலை முழுதும் விளங்கும். துடிப்பு வந்ததும் நரம்பு முனையில் கால்சியம் நுழைகிறது. முனைக்குள் தயாராக இருக்கும் நுண்பைகள் சவ்வோடு ஒட்டி வெடித்து, ஒவ்வொன்றும் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெளியே கொட்டுகின்றன. சில்லறையாக அல்லாமல் பைபையாகத்தான் வரும் என்று கண்டவர் பெர்னார்ட் காட்ஸ். எதிரே தசையில் இருக்கும் ஏற்பிகளில் அவை போய் ஒட்ட, தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த கட்டளை எடுபடாது. அதற்கு ஒரு நொதி. அதன் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலினைச் சிதைத்துப் போடும். இத்தனையும் முடிய ஒன்றிரண்டு மில்லிநொடி.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. அசிட்டைல்கோலின் தேங்கித் தேங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சிலும் வியர்வையும் வழியும். நுரையீரலில் நீர் கோக்கும். தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துவிடும். சட்டையில்லாமல், மூக்கைக்கூட மூடாமல், காற்றுக்கு எதிரே மருந்தடிக்கும் நம் விவசாயத் தொழிலாளர்களுக்குத் தோல் வழியாகவே இது ஏறும். பூச்சியின் நரம்புக்கும் நம் நரம்புக்கும் இந்த நொதியில் பெரிய வேறுபாடு இல்லை. பூச்சிமருந்துக் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

நல்லபாம்பின் நஞ்சு அடைப்பது தசையிலிருக்கும் ஏற்பிகளை. நரம்பு கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளிருக்காது. இதற்கு மருத்துவர்கள் செய்யும் வைத்தியம் ரசமானது. நஞ்சு முறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுவார்கள். அது பூச்சிமருந்து முடக்கும் அதே நொதியைத்தான் முடக்குகிறது, சிறிது நேரத்துக்கு, அளவோடு. அசிட்டைல்கோலின் தேங்க, மிச்சமிருக்கும் ஏற்பிகளைப் பிடித்து அது நஞ்சோடு போட்டி போடும்.

கட்டுவிரியன் வேறு ரகம். அதன் நஞ்சில் நரம்பு முனையையே அழிக்கும் ஒரு பகுதி உண்டு. நுண்பைகள் காலியாகி, முனை சிதைந்துபோகிறது. உள்ளே புகுந்து வேலையை முடித்துவிட்ட நஞ்சை முறிவு மருந்து தொட முடியாது. ரத்தத்தில் மிச்சமிருப்பதைத்தான் பிடிக்கும். நியோஸ்டிக்மினும் பெரும்பாலும் பலிப்பதில்லை, ஏனென்றால் தேங்குவதற்கு அசிட்டைல்கோலினே வருவதில்லை. இமை முதலில் தொங்கும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. ஆள் அசைவில்லாமல் கிடப்பதால் உயிர் போய்விட்டது என்றும் மூளை செத்துவிட்டது என்றும் உறவினர்கள் முடிவுகட்டிவிடுவது உண்டு. உண்மையில் மூளையை அந்த நஞ்சு எட்டுவதில்லை. பலருக்கு உள்ளே நினைவு இருக்கும். பக்கத்தில் அழுபவர்களின் குரல்கூடக் கேட்கும். அழிந்த நரம்பு முனைகள் மறுபடி வளரும். நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொடுத்தால் போதும், எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. இந்தியாவில் முறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் எடுத்துக் கொடுப்பது. அந்த மருந்து உதவ வேண்டுமானால் நஞ்சு நரம்பு முனைக்குள் நுழையும் முன்பே ரத்தத்தில் ஏற வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். தரையில் தூங்கி எழுந்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்து, இமை கனத்துத் தொங்கினால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம், மந்திரிக்க அழைத்துப்போக வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள்.